அருவிக்குப் போகாத மனிதர்

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் என்னிடம் ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். பிறகு, "இல்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வேறு எதையோ பேசினாள். முதல் தடவை அவள் சொன்னது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு எத்தனை நாள் பிடித்ததோ.

அன்று சாயங்காலமே, நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காதுக்கு மெஷின் வைத்திருக்கிறேன். வீட்டில் டி.வி. கேட்கிறது, தெருவில் ஹாரன் கேட்கிறது. இந்த வேலைக்கு அது போதாது. இங்கே கூப்பிடுகிறவர்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

இந்தத் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்துக்கு நீங்கள் ஒன்பது பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். பதிவேடு எப்படி எழுதுவது, ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பதினொரு வருடத்தில் என்னை மாற்றிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது நான் செய்த தப்பு. அதில் வருகிறவரின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது குற்றாலத்தில் ஒரு மத்தியானம் நடந்தது. அதில் வருகிறவர்கள் "தாராளமாச் சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்தவர்கள்.

நான் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு, விசில் ஊதி அனுப்புவது வேலை. முப்பத்தோரு வருடம் அதையே செய்தவனுக்கு, எதிரே நிற்கிறவரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதுதான் திறமை என்று மனதில் பதிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறைக்கு வந்து உட்கார்ந்தபோதும் அப்படித்தான் வந்தேன்.

சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரு பெண் கூப்பிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டுக்காரர் துபாயில். இரண்டு பிள்ளைகள். மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். "எனக்கு இருக்கவே பிடிக்கல" என்றாள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் முகத்தைப் பாரும்மா என்றேன். உனக்காகத்தானே அவர் அங்கே வெயிலில் கிடந்து பாடுபடுகிறார் என்றேன். ஆண்டவனை நினைத்துக்கொள், அம்மா வீட்டுக்கு நாலு நாள் போய்விட்டு வா என்றேன். அவள் "சரிங்க, சரிங்க" என்றாள். கடைசியில் "ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டாள். பதிவேட்டில் 'தைரியம் கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன். எனக்கு ரொம்பத் திருப்தி.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. இலஞ்சியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். என் இளைய மகளைவிட இரண்டு வயது சின்னவர். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல ஆலோசகராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

"அண்ணாச்சி, அவங்களுக்கு ஏன் இருக்கப் பிடிக்கலையாம்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

"ஆறு நிமிஷம் பேசியிருக்கீங்க. அதுல அஞ்சு நிமிஷம் நீங்கதான் பேசுனீங்க."

"அந்தப் பிள்ளை சரின்னு சொல்லிச்சே தாயி."

"அது உங்களச் சமாதானப்படுத்தச் சொன்னது அண்ணாச்சி. கஷ்டத்துல இருக்கவங்க நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பாப்பாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஒன்பது நாள் போன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணாக இருக்கக் கூடாதா என்று கிடந்து தவித்தேன். செய்தித்தாளைத் திறக்கப் பயமாக இருந்தது.

பத்தாவது நாள் அவளே கூப்பிட்டாள். என் குரலைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கும் நீங்கதானே பேசுனது? நீங்க ஏதோ அவசரத்துல இருந்தீங்க போல. அதான் வச்சிட்டேன்."

"ஆமாம்மா, தப்பு என்னோடதுதான். இன்னைக்கு எனக்கு எந்த அவசரமும் இல்ல. நீ சொல்லு" என்றேன்.

ஐம்பது நிமிடம் பேசினாள். நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவள் சொன்னதை நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை. நான் அன்றைக்குக் கொடுத்த புத்திமதி ஒன்றுகூட அவள் கஷ்டத்துக்குப் பொருந்தாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அம்மா வீட்டுக்குப் போ என்றேனே, அவள் பயந்ததே அந்த வீட்டை நினைத்துத்தான். முடிக்கும்போது, "இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல" என்றாள். அதன் பிறகு மூன்று நான்கு தடவை பேசினாள். ஒருங்கிணைப்பாளர் சொல்லி, டாக்டரையும் போய்ப் பார்த்தாள். பிறகு கூப்பிடவில்லை. நன்றாக இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் நமக்கு முடிவு தெரியாது. அதற்கும் பழகிக்கொள்ளுங்கள்.

இனி, முடிவு தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். தென்காசியிலேயே சாரல் விழுந்துகொண்டிருந்தது. போனை எடுத்தால் ஓர் ஆண் குரல், ரகசியம் பேசுவதுபோல.

"சார், நான் எனக்காகப் பேசல. குத்தாலத்துல லாட்ஜ் மேனேஜரா இருக்கேன். நீங்க ஒட்டச் சொல்லிக் குடுத்த நோட்டீசுல நம்பர் பாத்தேன். வர்றவங்க முகம் சுளிக்காங்கன்னு அதக் கிழிச்சு மேசைக்குள்ள போட்டிருந்தேன். இப்பத் தேடி எடுத்தேன்."

"சொல்லுங்க தம்பி."

"மாடியில ஒரு ஆளு. அம்பது வயசு இருக்கும், ராயகிரிக்காரர். தனியா வந்திருக்காரு. மூணு நாளாச்சு சார், ஒரு தடவ கூட அருவிக்குப் போவல. எண்ணெ தேய்க்கவங்க போய்க் கேட்டதுக்கும் வேண்டாம்னுட்டாரு. சீசன்ல குத்தாலத்துக்கு வந்துட்டு யாரு சார் குளிக்காம இருப்பா? காலைல ரூம் கூட்டுத அம்மாட்ட கையில கட்டியிருந்த வாட்ச்சக் கழட்டி, உங்க மவன் கட்டட்டும்னு குடுத்திருக்காரு. இப்பக் கீழ வந்து, ரெஜிஸ்டர்ல அட்ரஸ் சரியா இருக்கான்னு பாத்துட்டு, தங்கச்சி போன் நம்பரையும் சேத்து எழுதிட்டுப் போறாரு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

ஒருவர் தன் பொருளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தால், நேரம் குறைவு என்று அர்த்தம். எதிரே இருந்த ஒருங்கிணைப்பாளருக்குக் கையைக் காட்டினேன். அவர் வந்து இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மேனேஜர் அடுத்துக் கேட்டது இது: "ஒரு குடும்பம் ரூம் கேட்டு நிக்கு சார். அவரக் காலி பண்ணச் சொல்லிரட்டா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீசு, கேசுன்னு அலையணும். மொதலாளி என்னையத்தான் பிடிப்பாரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நல்லவேளை, அதை விழுங்கிக்கொண்டேன். கெட்டவன் இப்படி போன் போட்டுக் கேட்க மாட்டான். இவன் பயந்து போயிருந்தான், அவ்வளவுதான்.

"தம்பி, நீங்க அவர வெளிய அனுப்பினா அவரு எங்க போவாரு?"

பின்னால் ரிசப்ஷனில் யாரோ சாவி கேட்கும் சத்தம் கேட்டது.

"தெரியல சார்."

"அப்ப உங்க கண்ணு முன்னால இருக்கதுதான நல்லது?"

"நல்லதுதான். நீங்க வாங்க சார்."

அங்கே எங்களுக்கு ஐந்து கிலோமீட்டர். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோட்டில் வண்டி ஊர்ந்துதான் போகும். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மேனேஜர் ஒரு மாடி ஏறினால் போதும். அதைச் சொன்னேன். "நீங்க போங்க, நான் போனிலேயே இருக்கேன்" என்றேன்.

அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளில் 'தங்கச்சி நம்பர்' என்று எழுதி நீட்டினார். மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் அடுத்த போனில் அந்தத் தங்கையைக் கூப்பிடப் போனார். ரகசியம் காப்பது நம் வேலையில் பெரிய விஷயம்தான். உயிர் ஆபத்தில் இருக்கும்போது அது இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். இதில் தயங்காதீர்கள்.

"மேல போய் என்ன சார் கேக்கதுக்கு?"

"நேராக் கேளுங்க. சாகணும்னு நினைக்கீங்களான்னு கேளுங்க."

"ஐயய்யோ, நாமளே எடுத்துக் குடுத்தாப்ல ஆயிராதா?"

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஆகாது தம்பி. அந்த நினைப்பு இருந்தா அது வந்து பல நாள் ஆயிருக்கும். நீங்க கேட்டாத்தான், இத ஒரு ஆள்ட்டச் சொல்லலாம்னு அவருக்குத் தெரியும். இல்லைன்னு சொல்லிட்டாருன்னா ஒரு நிமிஷச் சங்கடம், அவ்வளவுதான்."

"கதவத் திறக்கலன்னா?"

"மாத்துச் சாவிய எடுத்துட்டுப் போங்க. அப்படி ஆச்சுன்னா ஆம்புலன்சுக்கு நாங்க இங்கன இருந்து சொல்லுதோம்."

போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஏறினார். படியில் ஈரச் செருப்புகளின் சத்தம் கேட்டது. குளித்துவிட்டு வரும் கூட்டம் சிரித்துக்கொண்டே இறங்கியது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். பதில் இல்லை. மறுபடி தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழைய பழக்கம். நாற்பது விநாடி கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். சாப்பாடு ஏதும்..."

"வேண்டாம்."

கதவு மூடப் போகிறது என்று நினைத்தேன். மேனேஜர் மடமடவென்று பேசினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. காலைல இருந்து எனக்கு மனசே சரியில்ல. உங்களப் பாத்தாப் பயமா இருக்கு. நீங்க செத்துப் போகணும்னு நெனைக்கீங்களா?"

பயிற்சியில் யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்க மாட்டோம். ஆனால் அதைவிட நன்றாக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

பிறகு அந்த மனிதரின் குரல், தாழ்வாக: "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். அதான் கேக்கேன். உள்ள வரட்டுமா?"

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தமும், மேனேஜர் கீழே யாரிடமோ டீ சொல்லும் சத்தமும் கேட்டன. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச ஆரம்பித்தார். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். நாலு மாதத்துக்கு முன்னால் தங்கை மகளைக் கல்லூரியில் விடுவதற்காக பைக்கில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மழை ஈரத்தில் வண்டி சறுக்கிவிட்டது. அவருக்குச் சிராய்ப்பு. அந்தப் பெண்ணுக்கு இடது கால் நொறுங்கிவிட்டது. மூன்று ஆபரேஷன்.

"தங்கச்சி என்னை ஒரு வார்த்தை திட்டல. அந்தப் பிள்ளை ரோட்டுல கிடந்துக்கிட்டு, மாமா உனக்கு அடிபட்டுச்சான்னு கேட்டா. யாராவது ஒருத்தர் திட்டியிருந்தாக் கூட நான் தாங்கியிருப்பேன் தம்பி. அவ நடக்க முடியாமக் கெடக்கா, நான் ரெண்டு காலோட சுத்திக்கிட்டு இருக்கேன்."

இங்கேதான் நான் மறுபடியும் தப்புச் செய்யப் பார்த்தேன். என்னிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. பல வருட அனுபவம் இருந்தது. அது விபத்து, உங்கள் குற்றம் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த மேனேஜருக்கு என்ன தெரியும்? போனை அவரிடம் கொடுக்கச் சொல்வோம் என்று, "தம்பி" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். தங்கையிடம் பேசிவிட்டுத் திரும்பியிருந்த ஒருங்கிணைப்பாளரின் கை வந்து மைக்கை மூடியது. இன்னொரு கையால் தாளில் எழுதினார்: 'அவர் நல்லாத்தான் செய்றார்.'

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறைக்குள் மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிள்ளை இப்ப எப்படி சார் இருக்கு?"

"ஸ்டாண்ட பிடிச்சு நடக்க வைக்காங்களாம். முந்தாநாள் வீடியோ அனுப்பியிருக்கா. நான் இன்னும் பாக்கல. பாக்கத் தைரியம் இல்ல."

"நான் பாக்கட்டுமா சார்?"

அவர் போனை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்து எங்களுக்குக் கேட்டது ஒரு சின்னப் பெண்ணின் குரல். எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். ஏழுக்கு அப்புறம் கொஞ்சம் நின்றாள். எட்டு. ஒன்பது. "பத்து. மாமா, பத்து அடி. பாத்தியா?"

அதற்குப் பிறகு அந்த மனிதர் அழுகிற சத்தம் கேட்டது. ஒருங்கிணைப்பாளர் தலையைத் திருப்பிக்கொண்டார். நானும் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அழுகை ஓய்ந்ததும், மேனேஜர் நான் முன்பே சொல்லியிருந்ததை மறக்காமல் செய்தார். "சார், கையில என்ன வச்சிருந்தாலும் எங்கிட்டக் குடுத்துருங்க." அவர் கொடுத்தார். பிறகு போனை வெளியே எடுத்து, அதில் நான் இருப்பதையும், தங்கை கிளம்பிவிட்டார் என்று நான் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை. "அவளையும் அலைய வச்சிட்டேனே" என்றார். நானும் ஒரு நிமிடம் பேசினேன். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ராயகிரியிலிருந்து கார் வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மேனேஜர் அந்த அறையை விட்டு நகரவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமை, கீழே ரிசப்ஷனில் கூட்டம் நெருக்குகிறது, முதலாளி இன்னொரு போனில் விடாமல் கூப்பிடுகிறார். மணி அடித்து அடித்து ஓய்வது எங்களுக்கே கேட்டது. ஒரு தடவை மட்டும் எடுத்து, "மேல ஒரு வேலையா இருக்கேன் மொதலாளி" என்று வைத்துவிட்டார்.

தங்கை வந்தார். வாசலில் நின்று, "ஏண்ணே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? என் பிள்ளைக்கு மாமன் இல்லாமப் பண்ணப் பாத்தியா?" என்று பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் விடவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மேனேஜர் பிறகு சொன்னார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள்.

நாங்கள் போனை வைத்தோம். பதிவேட்டில் ஒரு வரி எழுத முடியவில்லை. ஒருங்கிணைப்பாளர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வேறு ஒன்று வெளியே வந்தது. நான் வேலையில் இருந்தபோது எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருவர். ஒரு நாள் காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் என் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. "வண்டிய எடுங்க, நேரமாச்சு" என்றேன். எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் இல்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் நான் இந்த அறைக்கு வந்தேன். என் மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவர், அது உங்கள் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. "அவரு பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார். சொன்னேன். அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேட்கிறவர்களுக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

ராயகிரிக்காரர் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாத்திரை சாப்பிட்டார். நடுவில் நிறுத்திவிட்டார். மறுபடி கனத்த நாட்கள் வந்தன. நாலு தடவை எங்களைக் கூப்பிட்டார். மருமகளை பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர் பொறுப்பு என்று தங்கை சொல்லிவிட்டார். பைக் வேண்டாம், ஆட்டோவில் போவோம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லையாம். இப்போது அவள் கைத்தடி ஊன்றிக் கல்லூரிக்குப் போகிறாள். மேனேஜர் எங்கள் நோட்டீசைச் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். யார் முகம் சுளித்தாலும் கழற்றுவதில்லை.

போன வருடம் ராயகிரிக்காரரே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இந்தக் கதையை மற்றவர்களிடம் சொல்லலாம் என்று அப்போதுதான் அனுமதி கொடுத்தார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. அன்றைக்கு அவரை நிறுத்தியது எந்த வார்த்தை? அது தெரிந்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லலாமே என்று கேட்டுவிட்டேன்.

"வார்த்தை ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். அந்தத் தம்பி உள்ள வந்து உக்காந்ததும், கீழ கூப்பிட்டு ரெண்டு டீ கொண்டு வரச் சொன்னாரு. ஒரு டீ சொல்லியிருந்தா, எனக்குக் குடுத்துட்டுப் போயிருவாருன்னு நெனச்சிருப்பேன்."